தேவனாம்பட்டினம் பீச்சை நாலாவது தடவை கூட்டப் போகிறோம். இதில் ஏதாவது பிரயோஜனம் இருக்கிறதா?

கெடிலக்கரை (கேள்வி கேட்டவர்)

எல்லோருக்கும் வணக்கம். கடலூரில் பி.எஸ்சி. இரண்டாம் வருடம் படிக்கிறேன், கல்லூரி சுற்றுச்சூழல் மன்றத்தில் இருக்கிறேன். கல்லூரி பெயர் வேண்டாம், படிக்கிறவர்களுக்கு ஜாடை தெரிந்துவிடும். போன ஒன்றரை வருடத்தில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சை மூன்று தடவை சுத்தம் செய்திருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் அறுபது எழுபது பேர், தொப்பி, கையுறை, பேனர், கடைசியில் குரூப் போட்டோ. போன தடவை 42 மூட்டை கட்டினோம். பத்து நாள் கழித்து தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு மாலையில் அங்கே போனேன். நாங்கள் கூட்டின இடத்திலேயே உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டோம், கால் பக்கத்தில் ஷாம்பு சாஷே, பிஸ்கட் கவர், ஒற்றைச் செருப்பு, தெர்மாகோல் தூள். ஒன்றுமே செய்யாத மாதிரி இருந்தது. தங்கச்சி வேறு "இதைத்தான் அன்னிக்கு எடுத்தீங்களா?" என்று கேட்டாள், சிரிப்பும் வரவில்லை.

இன்னொன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு வந்த எழுபது பேருக்கும் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் டப்பாவில் லெமன் சாதம். அதை அள்ளவே மூன்று மூட்டை தனியாகப் போயிற்று.

இப்போது நாலாவது தடவைக்குத் தேதி குறித்துவிட்டார்கள். அதோடு சுற்றுச்சூழல் பாடத்துக்கு "இன்றைய சுற்றுச்சூழல் பிரச்சினைகளும் நிலைத்த வளர்ச்சியும், என் பார்வையில்" என்று ஐந்து பக்கம் எழுதித் தர வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் பனிக்கரடி, அமேசான் காடு என்று எழுதுகிறார்கள். எனக்கு அது வரவில்லை. பீச்சைப் பற்றி எழுதலாம் என்றால், எழுத என்ன இருக்கிறது, கூட்டினோம், மறுபடி வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் மண்டையைக் குடைகிறது. போன தடவை மண்ணுக்குள் பாதி புதைந்திருந்த ஒரு மஞ்சள் கவரை இழுத்தேன். ஒரு துணிக்கடை பை. எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது: திருக்கோவிலூர். பஸ்ஸில் போனாலே ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் ஊர். யாரோ பீச்சுக்கு வந்தபோது போட்டுவிட்டுப் போனதா, இல்லை வேறு எப்படியாவது வந்ததா?

நாலாவது தடவை போகலாமா, வேண்டாமா? போகாவிட்டால் வேறு என்ன செய்யலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தாழங்குடா பையன்

தங்கச்சி, அந்தக் கவரை யாரும் பீச்சில் போட்டிருக்க மாட்டார்கள். அது தானாக வந்தது. தென்பெண்ணையில் திருக்கோவிலூர் இருக்கிறது, தென்பெண்ணை கடலில் சேர்கிற இடம் எங்கள் ஊர் தாழங்குடா. எங்கள் ஊருக்குத் தெற்கே நீங்கள் கூட்டுகிற பீச். நேராகச் சொன்னால் உங்கள் கவர் ஆற்றோடு வந்து, கடலுக்குள் இறங்கி, திரும்பிக் கரையேறியிருக்கிறது.

நீங்கள் ஒன்றைக் கவனித்தீர்களா தெரியவில்லை. சில்வர் பீச் ரெண்டு ஆற்று முகத்துக்கு நடுவில் இருக்கிறது. வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம். கடலில் நீரோட்டம் வருடம் முழுக்க ஒரே பக்கம் ஓடாது. ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்று காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும், எங்கப்பா அதை வன்னி என்பார். பங்குனிக்கு அப்புறம் தென்காற்று விழுந்தால் தெற்கிலிருந்து வடக்கே, அது தெண்டி. இப்போது யோசித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் தென்பெண்ணை குப்பையை வன்னி கொண்டுவந்து உங்கள் பீச்சில் தள்ளும். கோடையில் கெடிலம் முகத்தில் கிடக்கிறதை தெண்டி கொண்டுவந்து அதே பீச்சில் தள்ளும். பண்ருட்டி, திருவதிகை, திருவந்திபுரம், திருப்பாதிரிப்புலியூர் எல்லாம் கெடிலத்துக் கரைதான். நீங்கள் பத்து நாளில் நிரம்பிவிட்டது என்கிறீர்கள், சில நாள் ஒரு ராத்திரியே போதும்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்களே, அப்போது எங்கள் ஊர், நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு எல்லாமே தண்ணீரில். எங்கள் வீட்டில் இடுப்பளவு. தண்ணீர் வடிந்த பிறகு முற்றத்தில் ஒரு விரற்கடை சேறு, சேற்றை மண்வெட்டியால் வழித்தால் நடுவில் கவர் கவராக அடுக்கு. வெங்காய வடாம் போட்ட மாதிரி இருந்தது. ஓசூர் பக்கத்து மருந்துக்கடை சீட்டு ஒட்டின டப்பா கூட எங்கள் கிணற்றடியில் கிடந்தது. அவ்வளவு தூரத்துக் குப்பைக்கு எங்கள் ஊர்தான் கடைசி ஸ்டாப்பிங்.

அதே சமயம் எல்லாப் பழியையும் மேலே தள்ளிவிட மாட்டேன். தெர்மாகோல் தூள் என்று எழுதியிருக்கிறீர்களே, அது எங்கள் ஆட்களுடையது. மீன் பெட்டி உடைந்தால் அப்படியே விட்டுவிடுவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் உட்கார்ந்து வலை பிணைக்கும்போது வெட்டிப் போடுகிற நைலான் துண்டு, அறுந்த வலை, அதுவும் நாங்கள்தான். அந்த வலைத் துண்டுதான் ரொம்ப மோசம், பங்குனி ஆமை அதில் மாட்டிக்கொண்டு சாகும், நானே ரெண்டு தடவை அறுத்து விட்டிருக்கிறேன். ஒன்று பிழைத்தது.


ஓ.டி. காயலான்

முதுநகரில் பழைய பேப்பர், இரும்புக்கடை எங்களுடையது. நான் பி.காம். முடித்துவிட்டுக் கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன், ஆகவே குப்பையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

முதல் கேள்வி. அந்த 42 மூட்டை எங்கே போனது? யாராவது வண்டி பின்னாலேயே போய்ப் பார்த்தீர்களா?

கோபப்படாதீர்கள், பீச் சுத்தம் செய்கிற எல்லாக் கல்லூரியிடமும் நான் இதைத்தான் கேட்கிறேன், இதுவரை ஒருவரும் பதில் சொன்னதில்லை. மூட்டை வண்டியில் ஏறியதும் போட்டோ எடுத்து முடித்துவிடுகிறார்கள்.

ரெண்டாவது, எடை. பீச்சில் அள்ளுகிற மூட்டையில் பாதி ஈரமணல்தான். "ஒரு டன் குப்பை அகற்றினோம்" என்று பேப்பரில் வந்தால் எங்கள் அப்பா சிரிப்பார், மணலை ஏற்றி அனுப்பியிருக்கிறான் என்று. கவருக்குள், பாட்டிலுக்குள், செருப்பின் வாருக்குள் எல்லாம் மணல். கல்லூரிக்கு எடுத்துப் போய் ஒரு நாள் வெயிலில் பரத்திக் காயவைத்து, தட்டிவிட்டு, அப்புறம் எடை போடுங்கள். உண்மைக் கணக்கு வரும்.

மூன்றாவதுதான் முக்கியம். பீச்சில் என்ன கிடக்கிறது என்று பார்த்தால் என்ன கிடக்கவில்லை என்பதும் தெரியும். தண்ணீர் பாட்டில் குறைவாக இருக்கும், பீர் பாட்டில், டின் இருக்கவே இருக்காது. ஏன்? அதற்கு விலை உண்டு. விடியற்காலையில் பொறுக்குகிறவர்கள் உங்களுக்கு முன்பே வந்துவிட்டுப் போய்விடுவார்கள், அவர்களுக்குத் தொப்பியும் பேனரும் யாரும் தருவதில்லை. மிச்சம் கிடப்பது நான் விலைக்கு எடுக்காத சரக்கு. சிப்ஸ் கவர், பிஸ்கட் கவர், சாஷே. அந்தக் கவரைக் கிழித்து உள்ளே பாருங்கள், வெள்ளிக் கலரில் மின்னும். பிளாஸ்டிக், அலுமினியம், மறுபடி பிளாஸ்டிக் என்று ஒட்டி ஒட்டிச் செய்தது. பிரிக்க முடியாது, உருக்கினாலும் உருப்படியாக ஒன்றும் வராது. மிஞ்சிப் போனால் அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலைக்கு எரிக்க அனுப்பலாம், அதற்கும் மண்ணில்லாமல் உலர்ந்து இருக்க வேண்டும். உப்பும் மணலும் ஏறின சரக்கை யாரும் கை நீட்டி வாங்க மாட்டார்கள். அதே கவரை வீட்டு அடுப்படியில் துடைத்துத் தனிப்பையில் போட்டிருந்தால் ஏதாவது வழி இருந்திருக்கும். கடலுக்குப் போய் வந்த பிறகு அது செத்த சரக்கு.

விலை வைத்தால் பொருள் திரும்பி வரும். நீலகிரியில் 2022-இல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் சேர்த்து வாங்கி, காலி பாட்டில் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுக்கிற ஏற்பாடு ஆரம்பித்தார்கள், கோர்ட் சொல்லித்தான். காட்டில் யானைக் காலில் குத்துகிற பாட்டில் என்பதால் அங்கே ஆரம்பம். சிப்ஸ் கவருக்கு ஐம்பது பைசா வையுங்கள், சில்வர் பீச்சில் ஒரு கவர் கிடைக்காது, நான் எழுதித் தருகிறேன்.


நெத்தியடி

எதுக்கு இந்தக் கவர் பொறுக்குகிற வேலை? சிதம்பரம் ரோட்டில் சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் ராத்திரி பதினொரு மணிக்குப் போய் நின்று மூச்சு விட்டுப் பாருங்கள், அப்புறம் தெரியும் கடலூருக்கு என்ன பிரச்சினை என்று. மாணவர்கள் கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டால் வேறு எதையும் கேட்க மாட்டார்கள் என்று பெரியவர்களுக்குத் தெரியும். ஐந்து பக்கமும் அதையே எழுதுங்கள், மார்க் வராது, பரவாயில்லை.


ஈச்சங்காடு அக்கா

நெத்தியடி தம்பி, சொன்னது சரிதான், சொன்ன விதம்தான் சரியில்லை. அந்தப் பெண் என்ன செய்யலாம் என்று கேட்கிறாள், நீங்கள் மூச்சு விட்டுப் பார் என்கிறீர்கள். மூச்சு விட்டுப் பார்த்தவர்கள் என்ன செய்தோம் என்று நான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் சிப்காட்டை ஒட்டித்தான், ஒரு பக்கம் ஆலை, ஒரு பக்கம் உப்பனாறு. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ராத்திரி நாற்றம் வந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு படுப்போம். காலையில் அதிகாரிகளிடம் சொன்னால் "எப்போது, எங்கே, என்ன நாற்றம்?" என்று கேட்பார்கள், எங்களுக்குச் சொல்லத் தெரியாது, "ராத்திரி வந்ததுங்க" என்போம். அவர்கள் வந்து பார்க்கும் நேரத்தில் காற்று மாறியிருக்கும். புகார் அங்கேயே முடிந்தது.

2004-இல் அது மாறியது. சிப்காட் ஓரத்துக் கிராமங்களில் இருக்கிற சாதாரண ஆட்களே, மீனவர், விவசாயி, கூலி வேலைக்குப் போகிறவர்கள், பயிற்சி எடுத்துக்கொண்டு காற்றைக் கண்காணிக்க ஆரம்பித்தார்கள். கருவி என்ன தெரியுமா, வாளி! மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி. உள்ளே ஒரு தனி வகைப் பை. வாளிக்குள் இருக்கிற காற்றை உறிஞ்சினால் வெளிக்காற்று பைக்குள் தானாக ஏறும், பையை மூடி அமெரிக்காவில் இருக்கிற ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். முடிவு வந்தபோது புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ரசாயனங்களும் அதில் இருந்தன.

ஆனால் எனக்கு வாளியைவிட நோட்டுதான் பெரிதாகத் தெரிந்தது. நாற்றம் வந்த தேதி, மணி, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, எந்த இடத்தில் நின்றோம், எதைப் போல நாறியது. அழுகின முட்டையா, அழுகின முட்டைக்கோஸா, நகப்பாலிஷா. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அழுகின முட்டை என்றால் ஹைட்ரஜன் சல்பைடாக இருக்கலாம், முட்டைக்கோஸ் என்றால் மெர்காப்டனாக இருக்கலாம், படித்தவர்களுக்கு அது ஒரு துப்பு. எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெரியம்மா இருந்தார், ராத்திரி எத்தனை மணியானாலும் எங்கள் கதவைத் தட்டி "ஏ புள்ள, எழுதிக்க, முட்ட நாத்தம், தெக்கால காத்து" என்று சொல்லிவிட்டுப் போவார். நான் கண்ணை மூடிக்கொண்டே எழுதுவேன். அந்தப் பழக்கத்தில்தான் எனக்கு வேதியியலே பிடித்தது.

நாற்றம் முழுக்கப் போய்விட்டதா என்றால் இல்லை. ஆனால் "ராத்திரி வந்ததுங்க" என்று நிற்கிற நிலைமை போய்விட்டது. தங்கச்சி, உன் திருக்கோவிலூர் கவர் இருக்கிறதா, தூக்கிப் போட்டுவிட்டாயா? அதுதான் உன் நோட்டின் முதல் வரி.


பாண்டி பழசு

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன், கடலூரில்தான் படித்தேன், ரொம்ப வருடம் முன்னால். குப்பையைப் பற்றி மேலே இருப்பவர்கள் சொல்லிவிட்டார்கள், ஐந்து பக்கக் கட்டுரைக்கு நான் ஒன்று சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேராகக் கிளம்பி பஸ் ஏறுங்கள். அரியாங்குப்பத்தில் இறங்கி முதலில் வீராம்பட்டினம் போங்கள். அங்கே மணல் அகலத்தைப் பாருங்கள், நடந்து தண்ணீரைத் தொடுவதற்குள் கால் சுட்டுவிடும். அப்புறம் டவுன் பஸ் பிடித்து வடக்கே கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம் பக்கம் போங்கள். அங்கே மணல் இல்லை, கருங்கல். பாதி இடிந்த வீட்டுச் சுவர் கூடப் பார்க்கலாம்.

ரெண்டுக்கும் நடுவில் துறைமுகம் இருக்கிறது, 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் கட்டியது. மேலே தம்பி சொன்ன நீரோட்டம் வெறும் குப்பையை மட்டுமா இழுக்கிறது, மணலையும்தான். வருடத்தில் அதிக மாதம் தெற்கிலிருந்து வடக்கே இழுக்கும். கடலுக்குள் நீட்டிக் கல்லைப் போட்டதும் வருகிற மணல் தெற்குப் பக்கமே தங்கிவிட்டது, வடக்கே போக வேண்டிய பங்கு போகவில்லை. கடல் மட்டும் வழக்கம்போல அரித்துக்கொண்டே இருந்தது. எங்கள் ஊர்க் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே ஒரு காலத்தில் மணலில் சடுகுடு விளையாடியிருக்கிறோம் என்றால் என் பிள்ளைகள் நம்பவில்லை, அவர்களுக்குத் தெரிந்தது கல் மட்டும்தான். சாலையைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டினால் அரிப்பு அதற்கு வடக்கே நகரும், அங்கே கல்லைக் கொட்டினால் அதற்கும் வடக்கே. ஒரு ஊர் புதுச்சேரி, அடுத்த ஊர் தமிழ்நாடு, ஆகவே கோப்பும் ரெண்டு.

2018-இல் தலைமைச் செயலகம் பக்கம் கடலுக்கடியில் இரும்பில் ஆப்பு மாதிரி ஒரு செயற்கைத் திட்டு இறக்கினார்கள், தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்தது. அலையின் வேகம் அதில் உடைந்து மணல் கொஞ்சம் திரும்ப வந்தது. அந்த மணலில் நின்ற அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது, வயதாகிவிட்டது இல்லையா. ஆனால் வடக்கே இருக்கிற குப்பத்துக்காரர்களிடம் போய் "பாருங்கள், மணல் வந்துவிட்டது" என்று சொல்லிவிடாதீர்கள், அடி விழும்.

பஸ் செலவு, டீ எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாய் ஆகாது. பனிக்கரடியைப் பார்க்கப் போனால் எவ்வளவு ஆகும்!


கரும்பலகை

அந்தச் சுற்றுச்சூழல் பாடத்தை நடத்துகிற ஆள் நான், உங்கள் கல்லூரி இல்லை. இந்தத் தாள் எப்படி வந்தது என்று மாணவர்களுக்குத் தெரிவதே இல்லை. எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயம் வேண்டும் என்றது, அதன் தொடர்ச்சியாகத்தான் பட்டப்படிப்பில் எல்லாப் பிரிவுக்கும் இந்தத் தாள் நுழைந்தது. ஒரு வழக்கிலிருந்து பிறந்த பாடம், இப்போது பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி மனப்பாடம் செய்கிற பாடமாகிவிட்டது.

நூற்று இருபது கட்டுரை திருத்துகிறேன். நூறு கட்டுரை "மனிதன் இயற்கையை அழித்துவிட்டான்" என்று ஆரம்பிக்கும். எந்த மனிதன், எந்த ஊர், எந்த வருடம்? கேட்டால் பதில் இல்லை. போன வருடம் ஒரு பையன் மட்டும் தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு மறுநாள் காலையில் தென்பெண்ணை மணலில் நடந்து போய் எழுதியிருந்தான். தட்டு, டம்ளர், கரும்புச் சக்கை, யாரோ தொலைத்த கொலுசு. தட்டு எத்தனை என்று ஒரு பனைமர இடைவெளிக்கு எண்ணியிருந்தான். எழுத்துப்பிழை நிறைய. அவனுக்குத்தான் அதிக மார்க் போட்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் இங்கே எல்லோரோடும் முரண்படுகிறேன். பீச்சைச் சுத்தம் செய்வதே வீண் என்கிற தொனி வருகிறது, அது தப்பு. வெயிலிலும் உப்பிலும் கிடந்தால் அந்தக் கவர் பொடிப்பொடியாக உடையும், உடைந்த பிறகு சல்லடை போட்டாலும் எடுக்க முடியாது. முழுசாக இருக்கும்போது எடுத்தால் எடுத்ததுதான். நேரமும் பார்க்க வேண்டும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிட ராத்திரியில் கரையேறும். அதற்கு முன்னால், அதாவது மார்கழியில், வலைத் துண்டையும் கயிறையும் மட்டும் தேடி எடுத்தாலே பெரிய வேலை. மாசிமகத்துக்கு மறுநாள் போனாலும் நியாயம் உண்டு, சுவாமி தீர்த்தவாரிக்கு வருகிற கூட்டம் விட்டுப்போவது முழுக்கப் புதுக் குப்பை, மணல் ஏறாதது, காயலான் தம்பி கூட வாங்குவார். உங்கள் மன்றம் குறித்த தேதியைப் பாருங்கள், ஏதாவது ஒரு உலகத் தினமாக இருக்கும். போட்டோவுக்கு ஏற்ற தேதி.


ஓ.டி. காயலான்

ஐயா, மாசிமகக் குப்பை என்றால் நான் வண்டியோடு வருகிறேன். லெமன் சாத டப்பாவையும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள், அதற்கு விலை உண்டு, கழுவித் தந்தால்.


கெடிலக்கரை (கேள்வி கேட்டவர்)

நாலு நாளாக இங்கே எழுதவில்லை, மன்னிக்கவும். காயலான் அண்ணா கேட்ட கேள்வியில் மாட்டிக்கொண்டேன். 42 மூட்டை எங்கே போனது என்று மன்றத்துப் பொறுப்பாளரிடம் கேட்டேன், தெரியாது என்றார். வண்டி ஓட்டின அண்ணனின் நம்பரைப் பிடித்துக் கேட்டேன். அவர் ஒளிக்காமல் சொன்னார். ஆற்றங்கரை ஓரமாகக் குப்பை கொட்டுகிற ஒரு இடம் இருக்கிறது, அங்கேதான் இறக்கினாராம். யார் வண்டி, யார் இடம் என்று இங்கே எழுதவில்லை. நேற்று நானும் இன்னொருத்தியும் ஸ்கூட்டியில் போய்ப் பார்த்தோம். எங்கள் மன்றத்துப் பெயரை மார்க்கரில் எழுதிக் கட்டின மூட்டை ஒன்று அப்படியே இருந்தது, என் கையெழுத்துதான். பக்கத்தில் ரெண்டு மூட்டையை மாடு கிழித்திருந்தது. அங்கிருந்து ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு தூரம் என்று எட்டு வைத்துப் பார்த்தேன், முப்பத்தி நாலு எட்டு. அடுத்த வெள்ளத்தில் அது கெடிலத்தில் இறங்கி மறுபடி எங்கள் பீச்சுக்கே வரும். நாங்களே கட்டி, நாங்களே அனுப்பி, நாங்களே மறுபடி அள்ளுவோம். ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு சிரித்துவிட்டோம், வேறு என்ன செய்ய.

என் கையெழுத்து இருந்த அந்த ஒரு மூட்டையை ஸ்கூட்டியில் வைத்து வீட்டு மாடிக்குக் கொண்டுவந்துவிட்டேன். அம்மா திட்டினார்கள். இன்றைக்குக் காலையிலிருந்து பழைய பாயில் பரத்திக் காயவைத்துப் பிரித்தேன். மணல் மட்டும் ஒரு பெயிண்ட் வாளிக்கு முக்கால் வாளி, அண்ணா சொன்னது பொய்யில்லை. வெள்ளிக் கலர் கவர் 212. சாஷே 167, அதில் ஷாம்பு, ஊறுகாய், பாக்கு. செருப்பு ஒன்பது, ஒன்பதும் ஒற்றை. வலைத் துண்டும் கயிறும் ஒரு கை கொள்ளாத அளவு, தாழங்குடா அண்ணா பார்க்க வேண்டும். ஊர்ப் பெயர் படிக்க முடிந்த கவர் ஆறு. பண்ருட்டி மூன்று, நெல்லிக்குப்பம் ஒன்று, புதுச்சேரி ஒன்று, விழுப்புரம் ஒன்று. பண்ருட்டி கெடிலத்தில் வந்திருக்கும், விழுப்புரம் தென்பெண்ணையிலா? நெல்லிக்குப்பம் எந்த வழி என்று புரியவில்லை, புதுச்சேரிக் கவர் யாரோ ஸ்வீட் வாங்கிக்கொண்டு பீச்சுக்கு வந்தது போல இருக்கிறது.

அக்கா, திருக்கோவிலூர் கவரைத் தூக்கிப் போட்டுவிட்டேன். நோட்டில் அதை முதல் வரியாக எழுதிவிட்டேன், தேதி மட்டும் தோராயமாக.

நாலாவது தடவைக்குப் போகிறோம், ஆனால் மார்கழிக்குத் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன். இருபது பேர் போதும், தண்ணீர் வீட்டிலிருந்து. எடுப்பதை எண்ணி, ஊர்ப் பெயர் குறித்து, அந்தக் கணக்கையும் முப்பத்தி நாலு எட்டு கதையையும் சேர்த்து திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனுவாகக் கொடுக்கலாம் என்று நாலு பேர் சொல்கிறோம். பொறுப்பாளர் இன்னும் தலையாட்டவில்லை. மனு என்றதும் முகம் மாறிவிட்டது.

ஒரு உதவி. எடை போட வீட்டில் தராசு இல்லை. கடலூரில் யாரிடமாவது கிடைக்குமா?


தாழங்குடா பையன்

நெல்லிக்குப்பம் ரெண்டு ஆற்றுக்கும் நடுவில் இருக்கிற ஊர், எந்த வழியாகவும் வரலாம். வலைத் துண்டைப் போட்டுவிடாதே, எந்த வலை என்று கண்ணியைப் பார்த்தால் எங்கப்பா சொல்லிவிடுவார். ஞாயிறு காலையில் கொண்டு வா, மீன் ஏலம் முடிந்த பிறகு.


ஓ.டி. காயலான்

தராசு நான் தருகிறேன், ஐம்பது கிலோ வரை போடலாம். ஆனால் ஞாயிறு கடை லீவு, சாவி அப்பாவிடம். சனிக்கிழமை ஆறு மணிக்குள் வந்து வாங்கிக்கொள். திருப்பித் தரும்போது மணலைத் தட்டிவிட்டுத் தா.